பொம்மைக் குதிரைக்கும் ஒரு பாலைவனம்

(விளையாட்டுப் பொருள்களைக் கொண்டு எடுக்கப்படும் நிழற்படங்களைப் பற்றித் தொலைக்காட்சிக் கருத்தரங்கு ஒன்றில், சிம்பாங் ரெங்கத்தைச் சேர்ந்த நிழற்பட ஆர்வலர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம் இது.)



எனக்கு முன்னால் பேசிய நண்பர் ஒரு கேள்வியைப் போட்டுவிட்டு அமர்ந்தார். "இரண்டு வெள்ளிக்கு விற்கும் பிளாஸ்டிக் பொம்மையை நிற்க வைத்துப் படம் எடுத்தால், அது எப்படி ஐயா கலையாகும்? அது பிள்ளை விளையாட்டுத்தானே?" என்று கேட்டார். நல்ல கேள்வி. அதைத் தட்டிக் கழிக்காமல் பதில் சொல்ல வேண்டியது என் கடமை.

அமெரிக்காவில் டேவிட் லெவின்தால் என்று ஒரு நிழற்படக் கலைஞர் இருக்கிறார். 1949-இல் சான் பிரான்சிஸ்கோவில் பிறந்தவர். யேல் பல்கலைக்கழகத்தில் நிழற்படக் கலையில் முதுகலைப் பட்டம் பெற்றவர். படித்து முடித்த இளைஞர்கள் பலரும் மலையைத் தேடியும் மனிதர்களைத் தேடியும் கேமராவைத் தூக்கிக்கொண்டு ஓடிய காலத்தில், இவர் கடையில் பொம்மைச் சிப்பாய்களை வாங்கி வந்து தரையில் பரப்பினார். மாவைத் தூவிப் பனி என்றார். மண்ணைக் கொட்டிப் போர்க்களம் என்றார். கேரி ட்ரூடோ என்ற நண்பரோடு சேர்ந்து, இரண்டாம் உலகப் போரில் ஹிட்லரின் படை ரஷ்யாவுக்குள் நுழைந்த கதையைப் பொம்மைகளாலேயே சொன்னார். அது 1977-இல் நூலாக வந்தது. அந்தப் படங்களைப் புரட்டுகிறவர்களுக்கு, ஏதோ ஒரு போர்க்களச் செய்தியாளர் உயிரைப் பணயம் வைத்து எடுத்து வந்த படங்களோ என்று ஒரு கணம் தோன்றும். மறுகணம், அட, பொம்மை என்று தெரியும். அந்த இரண்டு கணங்களுக்கும் இடையில் நம் மனத்துக்குள் என்ன நடக்கிறதோ, அதுதான் கலை என்று நான் சொல்ல வருகிறேன்.

குதிரையும் தொப்பியும்

அதே லெவின்தால் 1980-களின் பிற்பகுதியில் கௌபாய் பொம்மைகளைக் கையில் எடுத்தார். குதிரை மேல் தொப்பிக்காரன், துப்பாக்கியை உருவும் வீரன், கூடாரம், கோச்சு வண்டி. அமெரிக்காவில் 1950-களில் லூயி மார்க்ஸ் போன்ற நிறுவனங்கள் பெட்டி பெட்டியாக விற்ற விளையாட்டுப் பொருள்களின் வம்சம் அது. அவற்றைப் பெரிய போலராய்ட் கேமராவால் படம் பிடித்தார். அந்தக் கேமராவில் எடுத்த படம் 20 அங்குலத்துக்கு 24 அங்குலம் அளவில் உடனுக்குடன் வெளியே வரும். உலகத்திலேயே விரல்விட்டு எண்ணக்கூடிய அளவுக்குத்தான் அந்தக் கேமராக்கள் இருந்தன. உள்ளங்கையில் அடங்கும் பொம்மை, சுவரில் மாட்டும் ஓவியம் போல் பெரிதாகிவிட்டது.

அந்தப் படங்களில் என்ன சிறப்பு என்று கேட்பீர்கள். பெரும்பாலான படங்களில் பொம்மையின் முகம் தெளிவாக இருக்காது. குதிரையின் ஒரு பக்கம் மட்டும் துலங்கும். மற்றதெல்லாம் மங்கல். பின்னால் அந்தி வானம் போல் ஓர் ஆரஞ்சு நிறம், அல்லது நள்ளிரவு போல் ஒரு கருநீலம். மலை கிடையாது, கள்ளிச்செடி கிடையாது, பாறை கிடையாது. ஆனால் பார்க்கிறவர் மலையையும் பார்க்கிறார், பாலைவனத்தையும் பார்க்கிறார், தூரத்தில் எழும் புழுதியையும் பார்க்கிறார்.

அது எங்கிருந்து வந்தது? அவர் தலைக்குள்ளிருந்து வந்தது! படம் பாதியைத்தான் சொல்கிறது. மீதியைப் பார்வையாளன் சொல்கிறான். தெளிவாகக் காட்டியிருந்தால் "பிளாஸ்டிக்" என்று சொல்லிவிட்டு நகர்ந்திருப்பான். மங்கலாகக் காட்டியதால் தன் கற்பனையைச் செலவு செய்கிறான். 2019-ஆம் ஆண்டு வாஷிங்டனில் உள்ள ஸ்மித்சோனியன் அமெரிக்கக் கலை அருங்காட்சியகம் இவருடைய படங்களுக்கு என்றே ஒரு கண்காட்சி வைத்தது. தேசத்தின் கலைக்கூடமே பொம்மைக்குக் கதவு திறந்தது என்றால், நண்பர் கேட்ட கேள்விக்குப் பாதி பதில் கிடைத்துவிட்டது என்று கொள்ளலாம்.

மேற்கு எங்கே இருக்கிறது?

மீதிப் பாதி பதிலுக்கு வருகிறேன். லெவின்தால் கௌபாயை ஏன் பொம்மையாகக் காட்டினார்? உண்மையான மாட்டுக்காரர்கள் இன்றும் அமெரிக்காவில் இருக்கிறார்களே, அவர்களைப் படம் பிடித்திருக்கலாமே?

அதற்கு விடை வேண்டுமானால், நாம் மனத்தில் வைத்திருக்கும் அந்த "மேற்கு" எங்கே இருக்கிறது என்று கேட்க வேண்டும். டெக்சஸிலிருந்து ஆயிரக்கணக்கான மாடுகளை இரயில் நிலையத்துக்கு ஓட்டிச் சென்ற அந்தப் பெரிய காலம், 1860-களின் நடுவில் தொடங்கி 1880-களின் நடுவில் ஏறக்குறைய முடிந்துவிட்டது. மொத்தம் இருபது ஆண்டுகள்! அது முடிவதற்கு முன்பே, 1883-இல், பஃபலோ பில் என்பவர் அதை ஒரு காட்சியாக்கி, டிக்கெட் போட்டு ஊர் ஊராகக் காட்டத் தொடங்கிவிட்டார். 1885-இல் சிட்டிங் புல் என்ற பூர்வகுடித் தலைவரே அந்தக் காட்சியில் தோன்றினார். வாழ்க்கை ஒரு பக்கம் நடந்துகொண்டிருக்கும்போதே, மறுபக்கம் அதற்கு வேடம் கட்டி ஆடினார்கள்.

பிறகு சினிமா வந்தது. 1939-இல் ஜான் ஃபோர்டு "ஸ்டேஜ்கோச்" படத்தை எடுத்தார். தூண் போல் நிற்கும் அந்தச் செந்நிறப் பாறைகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அது மான்யுமென்ட் வேலி. நவஹோ மக்களின் நிலம். அந்த ஒரு பள்ளத்தாக்கு, அமெரிக்க மேற்கு முழுவதற்கும் முகமாகிவிட்டது. 1964-இல் இத்தாலிக்காரரான செர்ஜியோ லியோனி கௌபாய் படம் எடுத்தபோது அமெரிக்காவுக்கே போகவில்லை. ஸ்பெயின் நாட்டின் அல்மேரியா வறண்ட காட்டில் எடுத்தார். உலகம் அதைக் கௌபாய் நாடு என்று நம்பியது. அதற்கும் முன்னால், ஜெர்மனியில் கார்ல் மே என்ற எழுத்தாளர் அமெரிக்க மண்ணை மிதிக்காமலேயே செவ்விந்தியத் தலைவன் வின்னட்டூவின் கதைகளை எழுதிக் குவித்தார். 1908-இல்தான் அமெரிக்காவுக்குப் போனார். அப்போதும் கதை நடந்த மேற்குப் பகுதிக்குப் போகவில்லை.

நம்மவர்கள் மட்டும் சும்மா இருந்தார்களா? ஒளிப்பதிவாளர் கர்ணன் இயக்கத்தில் ஜெய்சங்கர் 1970-இல் "காலம் வெல்லும்", 1972-இல் "கங்கா" என்று குதிரை ஏறி வந்தார். தமிழ் பேசும் கௌபாயைக் கண்டு நாம் கைதட்டினோம். சிவகாசியிலிருந்து வந்த லயன், முத்து காமிக்ஸ் புத்தகங்களில் டெக்ஸ் வில்லர் தமிழில் நீதி பேசினார். அந்த டெக்ஸ் வில்லரும் 1948-இல் இத்தாலியில் பிறந்தவர்தான்!

ஆக, அமெரிக்கா செய்தது பாதி, இத்தாலியும் ஜெர்மனியும் சிவகாசியும் செய்தது பாதி. அந்த மேற்கு என்பது வரைபடத்தில் இருக்கும் ஊர் மட்டுமல்ல. அது எல்லோரும் சேர்ந்து கட்டிய கற்பனை நிலம். பொம்மையால் கட்டப்பட்ட நிலத்தைப் பொம்மையால்தானே உண்மையாகக் காட்ட முடியும்? லெவின்தால் செய்தது அதுதான். "இது பொம்மை" என்று ஒளிக்காமல் காட்டியதால், மற்றப் படங்களெல்லாம் ஒளித்து வைத்ததை அவர் வெளியே கொண்டுவந்தார்.

யார் கௌபாய், யார் இந்தியன்?

இங்கே ஒரு வேடிக்கையைச் சொல்ல வேண்டும். வேடிக்கை என்று சொல்கிறேன், உள்ளே வலி இருக்கிறது.

நம் தோட்டப்புறங்களில் பிள்ளைகள் "கௌபாய், இந்தியன்" விளையாட்டு விளையாடினார்கள். எல்லாப் பிள்ளைக்கும் கௌபாயாக வேண்டும். இந்தியனாக இருக்க எவனும் முன்வர மாட்டான். கடைசியில் ஆகச் சின்னவன், அழுதாலும் கேட்பாரற்றவன், அவன்தான் இந்தியன். அவனைத் துரத்திச் சுடுவார்கள். சுட்டவர்கள் யார்? அவர்களும் இந்தியர்கள்தாம்! பிறப்புப் பத்திரத்தில் அப்படித்தான் எழுதியிருந்தது.

1492-இல் கொலம்பஸ் இந்தியாவை அடைந்துவிட்டதாக எண்ணிச் சூட்டிய பெயர், ஐந்நூறு ஆண்டுகள் கழித்து ஜொகூர் தோட்டத்து லயத்து வாசலில் இப்படி வந்து விளையாடியது. அந்தப் பொம்மைப் பெட்டியில் தொப்பிக்காரனுக்கு வீரமான முகம், இறகு சூடியவனுக்குக் கொடூரமான முகம் என்று அச்சில் வார்த்தே அனுப்பியிருந்தார்கள். 1890 டிசம்பரில் வூண்டட் நீ என்ற இடத்தில், பெண்களும் பிள்ளைகளுமாக லக்கோட்டா மக்கள் அமெரிக்கப் படையால் சுட்டுக் கொல்லப்பட்டார்கள் என்ற செய்தி அந்தப் பெட்டிக்குள் இல்லை. உண்மையான மாட்டுக்காரர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் கறுப்பினத்தவர் என்று வரலாற்று ஆய்வாளர்கள் கணிக்கிறார்கள். அந்தத் தொழிலையும் கயிறு வீசும் வித்தையையும் கற்றுக் கொடுத்தவர்கள் மெக்சிகோ மேய்ப்பர்கள். பெட்டிக்குள் இருந்த பொம்மைகளில் அவர்களைத் தேடினாலும் கிடைக்க மாட்டார்கள்.

அதனால் "பொம்மைதானே" என்று யாரும் அலட்சியமாகச் சொல்லக் கூடாது. ஒரு சமுதாயம் தன் பிள்ளைக்கு எந்தப் பொம்மையைக் கொடுக்கிறதோ, அந்தப் பொம்மை வழியாகவே யாரை நேசிக்க வேண்டும், யாரைச் சுட வேண்டும் என்றும் சொல்லிக் கொடுத்துவிடுகிறது. லெவின்தாலுக்கு இது தெரியும். ஈராக், ஆப்கானிஸ்தான் போர்கள் நடந்து கொண்டிருந்தபோதே அந்தப் போர்களின் சிப்பாய்கள் பொம்மையாகக் கடைக்கு வந்துவிட்டதைக் கண்டு, அவற்றையும் படம் பிடித்து 2009-இல் நூலாக்கினார். கறுப்பினத்தவரைக் கேலி செய்த பழைய பொம்மைகளை 1990-களில் அவர் படம் பிடித்தபோது பெரும் சர்ச்சை எழுந்தது. காயம் பட்டவர்களுக்கு அதைப் பார்க்கும்போது மறுபடியும் வலிக்குமே என்ற கேள்வி நியாயமானதுதான். ஆனால் ஒன்று நிச்சயம். விளையாட்டுப் பொருள் விளையாட்டான பொருள் அல்ல.

கொலுவும் சிற்றிலும்

"இதெல்லாம் வெள்ளைக்காரன் வேலை, நமக்கு எதற்கு?" என்று ஒரு குரல் கேட்கும். நேயர்களே, இந்த வித்தை நமக்குப் புதியதல்ல. நவராத்திரி வந்தால் படி கட்டி, மேலே தெய்வங்கள், கீழே செட்டியார் கடை, கல்யாண ஊர்வலம், பூங்கா, குளம் என்று ஓர் உலகத்தையே அடுக்கும் நாம், பொம்மைகளால் நிலக்காட்சி அமைக்கத் தெரியாதவர்களா? கண்ணாடித் துண்டை வைத்துக் குளம் என்போம். கேழ்வரகை முளைக்க வைத்து வயல் என்போம். பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்கள் சிற்றிலுக்கும் சிறுதேர் உருட்டுவதற்கும் தனித்தனிப் பருவமே ஒதுக்கினார்கள். மணலில் கட்டிய வீட்டை வீடு என்று நம்புவதுதான் மனிதனின் முதல் கலை என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

நம் நாட்டிலேயே பாருங்கள். ஸஹிர் பாத்தின் என்ற மலேசியக் கலைஞர் "ஸ்டார் வார்ஸ்" சிப்பாய்ப் பொம்மைகளை வைத்து எடுத்த படங்கள் இணையம் வழியே உலகத்தைச் சுற்றி வந்தன. சண்டை போடப் பிறந்த அந்த வெள்ளைக் கவசக்காரர்களை, சாதாரண மனிதர்களைப் போல் சிரிக்க வைக்கும் வேலைகளில் ஈடுபடுத்தினார். எடி புத்ரா என்ற இன்னொரு மலேசியர் பழைய கடைவீடுகளைச் சிறு வடிவில் செய்கிறார். உரிந்த சுண்ணாம்பு, துருப்பிடித்த தகரம் எல்லாம் அச்சு அசலாக இருக்கும். கைபட்டுத் தேய்ந்த கதவைக்கூட விடமாட்டார். படமாக எடுத்துவிட்டால், கடைவீதிக்குப் போய் எடுத்ததா மேசை மேல் எடுத்ததா என்று சொல்வது கடினம்.

ஒரு பொம்மை ஊர் காப்பாற்றிய உயிர்

இன்னொருவரைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. நியூயார்க் மாநிலத்தில் கிங்ஸ்டன் என்ற ஊர். 2000-ஆம் ஆண்டு ஏப்ரலில் மார்க் ஹோகன்கேம்ப் என்பவரை, மதுக்கடைக்கு வெளியே ஐந்து பேர் சேர்ந்து அடித்துப் போட்டார்கள். ஒன்பது நாள் நினைவில்லை. கண் விழித்தபோது பழைய வாழ்க்கையின் நினைவுகள் பெரும்பாலும் அழிந்திருந்தன. நடக்கவும் எழுதவும் மறுபடி கற்க வேண்டியிருந்தது. சிகிச்சையைத் தொடரப் பணமும் இல்லை.

அவர் என்ன செய்தார் தெரியுமா? வீட்டுப் பின்கட்டில் ஒரு பொம்மை ஊரைக் கட்டினார். அதற்கு மார்வென்கால் என்று பெயர் வைத்தார். இரண்டாம் உலகப் போர்க் காலத்து பெல்ஜியம் கிராமம் அது. தன்னைப் போல் ஒரு பொம்மை, நண்பர்களைப் போல் சில பொம்மைகள், தன்னை அடித்தவர்களைப் போலவும் சில பொம்மைகள். நுணுக்கமாகப் பொத்தான் மாட்டி மாட்டிக் கை நடுக்கத்தைக் குறைத்துக்கொண்டார். கதையை நாளுக்கு நாள் நடத்திப் படம் எடுத்து எடுத்து மனத்தின் நடுக்கத்தையும் குறைத்துக்கொண்டார். அந்தப் படங்கள் கலைக்கூடத்துக்குப் போயின. 2010-இல் அவரைப் பற்றி ஆவணப்படம் வந்தது, 2018-இல் ஹாலிவுட் படமும் வந்தது. கலைக்காக அவர் தொடங்கவில்லை. பிழைப்பதற்காகத் தொடங்கினார். தொலைந்து போன நினைவை ஒரு மனிதன் பொம்மைகளைக் கொண்டு மறுபடி கட்டிக்கொள்ள முடியும் என்பதற்கு அவர் சாட்சி.

எங்கள் ஊரின் படத்தை யார் எடுத்தார்கள்?

இந்த இடத்தில்தான் எங்கள் ஊருக்கு வருகிறேன். சிம்பாங் ரெங்கம் என்று சொன்னவுடன் உங்களில் பலருக்கு என்ன நினைவுக்கு வருகிறது? தயங்காமல் சொல்லுங்கள். தடுப்புக் காவல் முகாம். 2011-இல் அவசரகாலப் பிரகடனங்கள் விலக்கிக்கொள்ளப்படும் வரை, விசாரணையின்றித் தடுத்து வைக்கப்பட்டவர்கள் என்ற செய்தி வரும்போதெல்லாம் எங்கள் ஊர்ப்பெயரும் கூடவே வந்தது. அதை விட்டால் குப்பைக் கிடங்கும் குடிநீரில் அமோனியாவும். நெடுஞ்சாலையில் போகிறவர்களுக்கு எங்கள் ஊர் ஒரு வெளிவழிப் பலகை.

சிம்பாங் என்றால் சந்தி. பழைய கூட்டரசுச் சாலையிலிருந்து இரயிலடி ஊரான ரெங்கத்துக்குப் பிரிந்து போகும் வழி. அந்தச் சந்தியைச் சுற்றிக் கித்தா தோட்டங்களும் செம்பனைத் தோட்டங்களும் அன்னாசித் தோட்டங்களும் விரிந்தன. நம் மக்கள் அங்கே பால் வெட்டினார்கள், குலை தள்ளினார்கள், பிள்ளை பெற்றார்கள், கோயில் கட்டினார்கள். ஒரு செய்தி கவனியுங்கள். கித்தா மரம் பிரேசிலில் பிறந்தது, 1877-இல் இலண்டன் கியூ தோட்டம் வழியாக நாற்றாக சிங்கப்பூருக்கு வந்தது. செம்பனை மேற்கு ஆப்பிரிக்காவில் பிறந்தது. அன்னாசி தென்னமெரிக்காவில் பிறந்தது. அவற்றை நட்ட கைகள் தமிழ்நாட்டிலிருந்து வந்தவை. ஊர் என்று நாம் நினைக்கும் நிலக்காட்சியும் எங்கிருந்தோ வந்தவை கூடிக் கட்டியதுதான், அந்த அமெரிக்க மேற்கைப் போலவே!

ஆனால் ஒரு வேறுபாடு இருக்கிறது. அமெரிக்க மேற்கு இருபது ஆண்டில் முடிந்தாலும் அதற்கு ஆயிரம் சினிமா, பத்தாயிரம் பொம்மை, இலட்சம் படம் இருக்கிறது. நம் தோட்ட வாழ்க்கை நூறு ஆண்டுக்கு மேல் நடந்தது. அதற்கு என்ன இருக்கிறது? வெள்ளைக்காரத் துரை எடுத்த சில படங்கள். அதில் நம் பாட்டனும் பாட்டியும் வரிசையில் நிற்கிறார்கள், பெயரில்லாமல். துரையின் கேமராவுக்கு அவர்கள் ஆள்கணக்கு. நம்மிடமோ அன்றைக்குக் கேமரா வாங்க வசதியில்லை. இருந்தவை கல்யாணப் படங்களும் அடையாள அட்டைப் படங்களும்தான்.

தோட்டங்கள் கைமாறின. கித்தா போய்ச் செம்பனை வந்தது. பல இடங்களில் செம்பனையும் போய் வீடமைப்புத் திட்டம் வந்தது. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் பட்டணத்துப் புறம்போக்குகளுக்கும் அடுக்குமாடிகளுக்கும் போய்ச் சேர்ந்தன. லயம் இடிந்தது. பெரட்டுக் களம் புல் மூடிவிட்டது. இன்றைக்குப் பதினைந்து வயதுப் பிள்ளையிடம் "பெரட்டு என்றால் என்ன?" என்று கேளுங்கள். "பரோட்டாவா?" என்று திருப்பிக் கேட்கும். சிரிக்கிறீர்கள். இதில் சிரிக்க ஒன்றுமில்லை, நேயர்களே. நாம் எடுக்காத படத்தின் விலை அது.

மேசை மேல் ஒரு தோட்டம்

போனதைப் படம் எடுக்க முடியாது. ஆனால் போனதைச் சிறிதாகக் கட்டிப் படம் எடுக்க முடியும். இதுதான் நான் இந்த அரங்கத்தின் முன் வைக்கும் கோரிக்கை. தமிழ்ப்பள்ளிகளும் ஆலயங்களும் இளைஞர் மன்றங்களும் பள்ளி விடுமுறையில் இதைச் செய்யலாம். வீட்டிலேயும் செய்யலாம்.

பெரிய செலவில்லை. பாசார் மாலாமில் கிடைக்கும் மனிதப் பொம்மைகள் சில, தீப்பெட்டி அட்டை, ஐஸ்கிரீம் குச்சி. தோட்டத்துச் செம்மண் ஒரு வாளி. லயத்துக்கு அட்டைச் சுவரும் பால் டின் தகரக் கூரையும் போதும். அந்தக் காலத்துப் பிள்ளைகள் மத்தி மீன் டின்னில் லாரி செய்து இழுத்தார்களே, கித்தாக் கொட்டையைச் சிமெண்டில் தேய்த்துச் சூடு வைத்தார்களே, அந்தக் கைத்திறன் தாத்தாக்களிடம் இன்னும் இருக்கிறது. அவர்களைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். கௌபாய் நாடு வேண்டுமென்றால் அன்னாசியின் கொண்டையை வெட்டி மணலில் நட்டுப் பாருங்கள். மேற்குப் பாலைவனத்துக் கற்றாழை போலவே நிற்கும்!

படம் எடுக்கும் முறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். முதலாவது, கேமராவைப் பொம்மையின் கண்மட்டத்துக்கு இறக்குங்கள். மேலிருந்து எடுத்தால் பொம்மை பொம்மையாகத்தான் தெரியும். இருபத்து நான்கில் ஒரு பங்கு அளவுள்ள பொம்மை என்றால், ஐந்தரை அடி மனிதன் ஏழு சென்டிமீட்டர்தான் இருப்பான். உங்கள் லென்சும் தரையிலிருந்து அவ்வளவு உயரத்தில்தான் இருக்க வேண்டும். கைப்பேசியைத் தலைகீழாகப் பிடித்தால் லென்ஸ் தரையைத் தொட்டுவிடும்.

இரண்டாவது, வெளிச்சம். உச்சி வெயில் வேண்டாம். காலை ஏழரை மணி, மாலை ஆறரை மணி வெயில் பக்கவாட்டில் விழும். நிழல் நீளும். குட்டிப் பொம்மைக்கும் ஒரு கம்பீரம் வந்துவிடும். வீட்டுக்குள் என்றால் கைவிளக்கு ஒன்று போதும்.

மூன்றாவது, பின்னணி. மைக்கேல் பால் ஸ்மித் என்ற அமெரிக்கர், 2018-இல் காலமானவர், ஒரு மேசையில் பொம்மைக் கார்களையும் சிறு வீடுகளையும் வைத்து, அந்த மேசையை நிஜத் தெருவின் முன்னால் போடுவார். தூரத்து மரமும் வீடும் பொம்மைக் காருக்குச் சரியான அளவில் பொருந்தும்படி நகர்த்தி நகர்த்திப் பார்ப்பார். 1950-களின் ஊர் ஒன்று உயிரோடு வந்துவிடும். நம் பிள்ளைகளும் பலகையில் லயத்தைக் கட்டி, பின்னால் மிஞ்சியிருக்கும் நிஜச் செம்பனை வரிசை தெரியும்படி வைக்கலாம். எல்லாம் தெளிவாகத் தெரிந்தால் ஸ்மித் வழி. முன்னால் ஒன்று மட்டும் துலங்கி மற்றது மங்கினால் லெவின்தால் வழி. இரண்டும் நல்ல வழிகளே.

நான்காவதுதான் முக்கியம். படம் எடுக்கும் முன் கேள்வி கேளுங்கள். "பாட்டி, பெரட்டுக்கு எத்தனை மணிக்குப் போவீங்க? தலையில என்ன கட்டுவீங்க? விளக்கு எங்க மாட்டுவீங்க? பிள்ளைய யார்கிட்ட விட்டுட்டுப் போவீங்க?" அந்தப் பதில் இல்லாமல் பொம்மையை நிறுத்த முடியாது. விளக்கை எங்கே மாட்டுவது என்று தெரியாமல் பால்வெட்டுக்காரியைக் காட்ட முடியாது. ஒரு பொம்மையை நேராக நிறுத்துவதற்குள் ஒரு குடும்பத்தின் கதை வெளியே வந்துவிடும். படம் நன்றாக வராவிட்டாலும் அந்தக் கதை வந்துவிட்டதே!

இரண்டு மறுப்புகள்

இதற்கு இரண்டு மறுப்புகள் எழும். ஒன்று: "பொம்மையால் காட்டினால் தோட்ட வாழ்க்கையின் கஷ்டம் மறைந்துபோய், அழகு மட்டும் தெரியாதா?" தெரியும், கவனமில்லாவிட்டால். கௌபாய்க்கு நேர்ந்ததும் அதுதானே? அதனால்தான் சொல்கிறேன், கொலு மாதிரி எல்லாரையும் சிரிக்க வைக்காதீர்கள். மழையில் வேலையில்லாத நாளை வையுங்கள். கள்ளுக்கடை வாசலையும் வையுங்கள். துரை பங்களாவை மேட்டில் வையுங்கள், லயத்தைப் பள்ளத்தில் வையுங்கள். எந்த வீட்டிலிருந்து எந்த வீடு தெரிந்தது என்பதைச் சரியாக வைத்தாலே பாதி வரலாறு விளங்கிவிடும். படத்தின் கீழே "இது பொம்மைகளால் அமைத்தது" என்று தவறாமல் எழுதுங்கள். கற்பனையைக் கற்பனை என்று சொல்வதில் வெட்கமில்லை. அதை ஆதாரம் என்று சொன்னால்தான் தவறு.

இரண்டாவது மறுப்பு: "இன்றைக்குக் கணினியிடம் சொன்னால் ஒரு நொடியில் படம் போட்டுத் தருகிறதே, இவ்வளவு பாடு எதற்கு?" தரும். ஆனால் உலகத்தில் எந்தப் படம் அதிகம் இருக்கிறதோ அதைப் பார்த்துத்தான் அது கற்றுக்கொள்கிறது. கௌபாயின் படம் கோடிக்கணக்கில் இருக்கிறது. நம் பாட்டியின் படம் எத்தனை இருக்கிறது? நாம் கொடுக்காததை அது எங்கிருந்து எடுக்கும்? தவிரவும், அந்த ஒரு நொடியில் பேரனும் பாட்டியும் பேசிக்கொள்ள நேரம் கிடைக்குமா?

ஆகவே, நண்பருக்கு என் பதில் இதுதான். பொம்மை கலையாவது அதன் விலையால் அல்ல. அதற்குப் பின்னால் ஒரு நிலத்தை நம் மனம் விரிக்கும்போது அது கலையாகிறது. அமெரிக்கர்கள் ஒரு பிளாஸ்டிக் குதிரைக்குப் பின்னால் பாலைவனத்தையே விரித்தார்கள். நாம் ஒரு பொம்மைப் பெண்ணின் நெற்றியில் சின்ன விளக்கு ஒன்றை மாட்டினால், அவளுக்குப் பின்னால் விடியாத கித்தாக் காடு விரியும். பார்க்கத் தெரிந்தவர்கள் நம்மிடையே இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் இருக்கும்போதே, வருகிற பள்ளி விடுமுறையிலேயே தொடங்குவோம்.